ஏணியா, கொதிநிலையா, ஆவியா: மூலக்கூறுகளுக்கு இடையேயான விசைகளைப் படிக்க மூன்று வழிகள்

பிளஸ் ஒன் வேதியியலில் இந்தப் பாடம் வந்தால், வேலூர்ப் பக்கத்து டியூஷன் வகுப்புகளில் கரும்பலகையில் முதலில் ஏறுவது பெரும்பாலும் ஓர் ஏணிதான். கீழே பலவீனமானது, மேலே வலுவானது: கீழ்ப்படியில் எலக்ட்ரான் மேகத்தின் கணநேர அசைவால் வரும் லண்டன் விசை, நடுவில் நிரந்தர நேர்-எதிர் முனைகளுள்ள மூலக்கூறுகளுக்கு இடையேயான இருமுனை விசை, உச்சியில் ஹைட்ரஜன் பிணைப்பு. விசை வலுத்தால் கொதிநிலையும் ஏறும் என்பது கணக்கு. கொதிநிலை எண்களை வரிசையாக வைத்துக் காரணம் தேடுவது இரண்டாவது வழி. திரவத்தை மேசையில் வைத்து ஆவியாக விட்டுப் பார்ப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் காலை வாரும்.

ஏணி

ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம், ஒரு மதிப்பெண் கேள்விக்கும் போதும். அதற்கு மேல் நம்பினால் வம்புதான். ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது முனைவின் அளவு, முறையே 1.08, 0.82, 0.44 டிபை. ஏணிப்படி பார்த்தால் குளோரைடுதான் கடைசியாகக் கொதிக்க வேண்டும். உண்மையில் அவற்றின் கொதிநிலை −85, −67, −35 டிகிரி. அப்படியே தலைகீழ். முனைவுள்ள குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிக்கிறது. முனைவே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 வரை தாக்குப்பிடிக்கிறது. அயோடினுக்கும் முனைவு கிடையாது, ஆனால் அறையில் அது திடப்பொருள்.

ஏணி பொய்யில்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக உள்ள மூலக்கூறுகளுக்கு மட்டும்தான் அது செல்லும். இந்த நிபந்தனையை யாரும் பலகையில் எழுதுவதில்லை. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கிய விசை, எலக்ட்ரான் மேகம் பெரிதாகித் தளரத் தளர வளர்ந்துகொண்டே போகும். அயோடின் போன்ற பெரிய அணுக்களில் அது இருமுனை விசையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 'பலவீனமான விசை' என்று படித்த மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

கொதிநிலை அட்டவணை

செலவில்லாத வழி, என் ஓட்டும் இதற்கே. ஒரே ஒரு விதி: ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும்.

முதல் தொகுதிக்குப் பியூட்டேன், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மூலக்கூறு நிறை 58, 58, 60. கொதிநிலை −0.5, 56, 82. சமையல் கேஸ் சிலிண்டரில் புரொப்பேனோடு இருக்கும் அதே பியூட்டேன், வால்வைத் திறந்ததும் வாயுவாக வருகிறது. அதே நிறையுள்ள அசிட்டோன் புட்டியில் திரவமாக நிற்கிறது. நிறை மாறவில்லை, மாறியது விசையின் வகை மட்டுமே. ஏணி ஒழுங்காக வேலை செய்யும் இடம் இது.

அடுத்து வடிவம். பென்டேனின் மூன்று மாற்றியங்களுக்கும் (அதே அணுக்கள், வேறு அடுக்கு) நிறை 72தான். நீளச் சங்கிலி 36 டிகிரி, ஒரு கிளை உள்ளது 28, உருண்டையாகத் திரண்ட நியோபென்டேன் 9.5. தொட்டுக்கொள்ளும் பரப்பு குறைந்தால் லண்டன் விசையும் குறையும்.

மூன்றாவதற்கு ஒரு வரைபடத்தாள் வேண்டும். நீர், ஹைட்ரஜன் சல்ஃபைடு, செலனைடு, டெலுரைடு: 100, −60, −41, −2. நான்கு புள்ளிகளையும் ஒரே கோட்டால் இணைப்பது வழக்கமான தப்பு. கீழ்மூன்றை மட்டும் இணைத்து, கோட்டை நீரின் பக்கம் நீட்டச் சொல்லுங்கள். கோடு போய்ச் சேரும் இடத்துக்கும் 100க்கும் உள்ள இடைவெளிதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஹைட்ரஜன் ஃபுளூரைடையும் பக்கத்தில் வைத்தால் உடனே கேள்வி வரும்: தனித்தனியாகப் பார்த்தால் அதன் பிணைப்பு நீரினுடையதைவிட வலுவானது, பிறகு ஏன் 20 டிகிரியிலேயே கொதிக்கிறது? அதனிடம் கொடுக்க ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் உண்டு. நீருக்கு இரண்டு ஹைட்ரஜன், இரண்டு தனி இணை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் சோடி). ஒரு மூலக்கூறு நான்கு பக்கமும் கைகோக்கும்.

இந்த வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. 'கனமாக இருப்பதால் மெதுவாகக் கிளம்பும்' என்ற முடிவுக்கு மாணவர் வந்துவிடுவார். கனநீரைக் காட்டி அதை உடைக்கலாம். நிறை 18லிருந்து 20 ஆகிறது, எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை, கொதிநிலை 101.4தான்.

மேசைச் சோதனை

பார்க்க நன்றாக இருக்கும், ஏமாற்றுவதிலும் முதலிடம் இதற்குத்தான். வழக்கமான செய்முறை இது: வெப்பமானியின் குமிழில் வடிதாளைச் சுற்றி, நூலால் கட்டி, திரவத்தில் அரை நிமிடம் முக்கி எடுத்து, எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்ப்பது. அசிட்டோனையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் ஒப்பிட இது சரி. நீரைச் சேர்த்தால் குழப்பம். குளிர்வது ஆவியாகும் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல, ஒரு கிராம் ஆவியாக எவ்வளவு வெப்பம் பிடுங்குகிறது என்பதையும் பொறுத்தது. அதில் நீர் எல்லோரையும் மிஞ்சிவிடும். போதாக்குறைக்கு நம்ம ஊர்க் காற்று. மே மாத வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நனைத்த குமிழ் சுமார் 15 டிகிரி இறங்கும். 'நீரின் விசை பலவீனம்' என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். நவம்பர் மழைநாளில் அதே சோதனையில் ஓரிரு டிகிரிகூட இறங்காமல் போகலாம்.

அதனால் வெப்பநிலையை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரே அளவு வடிதாள் வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஊசியில்லா சிரிஞ்சால் 0.5 மிலி, 0.01 கிராம் காட்டும் தராசு, மின்விசிறி நிறுத்தம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பு. கண்ணாடித் தகட்டில் சொட்டு விட வேண்டாம். அசிட்டோன் பரவும், நீர் குவியும், பரப்பு மாறிவிடும். சொட்டுக்குழாயும் வேண்டாம்; பரப்பு இழுவிசை குறைந்த திரவத்தின் சொட்டு சின்னது. நாணயத்தின் மேல் எத்தனை சொட்டு நிற்கும் என்று எண்ணும் பிரபல விளையாட்டிலும் கணக்கு இதனால்தான் பிசகுகிறது.

சானிடைசரை ஆல்கஹால் என்று எடுக்காதீர்கள்; உள்ளே நீரும் கிளிசரினும் இருக்கும். ஈதரையும் பென்டேனையும் கோடையில் வெளியே எடுக்கவே கூடாது: 34.6, 36 டிகிரியில் கொதிப்பவை. அறையே அதைத் தாண்டியிருக்கும். அசிட்டோனும் ஐசோபுரொப்பைலும் தீப்பிடிக்கும்; ஜன்னல் திறந்திருக்கட்டும், பர்னர் அணைந்திருக்கட்டும்.

விசையும் பிணைப்பும் வேறு

மூன்று வழியிலும் தங்கிவிடும் குழப்பம் ஒன்று உண்டு: நீர் கொதிக்கும்போது மூலக்கூறுக்குள்ளேயே இருக்கும் ஓ–ஹெச் பிணைப்பு உடைகிறது என்ற நம்பிக்கை. ஒரு மோல் நீரை ஆவியாக்க 40.7 கிலோஜூல், ஒரு மோல் ஓ–ஹெச் பிணைப்பை உடைக்க சுமார் 463. ஆவியாகும்போது பிரிவது மூலக்கூறுகள்தான், மூலக்கூறு உடைவதில்லை.

இதற்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷெட்டுகளில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பதனிடலில் பட்டையிலுள்ள டானின்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் தோலின் கொலாஜன் புரதத்தைப் பிடிக்கின்றன. குரோம் பதனிடலில் குரோமியம் ஈதல் பிணைப்பு என்ற உண்மையான வேதிப்பிணைப்பையே போடுகிறது. வெட் புளூவிலிருந்து (குரோம் ஏறிய ஈரமான நீலத் தோல்) ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிநீரில் சில நிமிடம் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் குரோம் நன்றாக ஏறியிருக்கிறது என்று கணக்கு. தாவரத் தோலைப் போட்டால் கொதிநிலைக்கு முன்பே சுருண்டுவிடும்.

நேரம் இருந்தால் முதலில் அட்டவணை, அடுத்து எடைச் சோதனை, கடைசியில் நிபந்தனையோடு ஏணி. நாளைக்கே தேர்வு என்றால் ஏணியோடு போகலாம். ஆனால் இரண்டு சேர்மங்களை ஒப்பிடச் சொன்னால் இந்த வரிசையில் கேளுங்கள். எலக்ட்ரான் எண்ணிக்கை நெருக்கமா? இல்லையென்றால் லண்டன் விசையை முதலில் எடைபோடுங்கள். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரினோடு நேரடியாக இணைந்த ஹைட்ரஜன் உண்டா? அசிட்டோனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இருந்தாலும் அந்த இணைப்பு இல்லை. மதிப்பெண் அதிகம் போவது இதில்தான். இருந்தாலும், அந்த ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கிறதா, ஆர்த்தோ நைட்ரோபீனாலில்போலத் தன்னையே பிடித்துக்கொள்கிறதா? தன்னையே பிடித்தால் கொதிநிலை குறையும். பாரா மாற்றியத்தோடு கலந்திருக்கும்போது நீராவியோடு வெளியேறுவது ஆர்த்தோதான்.