பராமரிப்புப் பதிவேட்டுக்கு ஒரு பூட்டு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் நான், பிளாக்செயினையும் (ஏறிய பதிவைப் பின்னர் சத்தமின்றி மாற்ற முடியாதபடி கோர்த்து, பல கணினிகளில் வைக்கும் பதிவுச் சங்கிலி) டிஜிட்டல் ட்வினையும் (கட்டடத்தின் நேரடி அளவுகளோடு இயங்கும் அதன் கணினி மாதிரி) சேர்த்து வழங்கும் ஒரு சந்தா சேவையை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் எங்களிடம் இருந்தவை லாக் புக்குகளும், மாதக் கடைசியில் அவற்றைப் பார்த்து நிரப்பப்படும் எக்செல் தாள்களும்தான். தீயணைப்பு பம்பின் வாராந்தரச் சோதனைப் பக்கத்தைத் திறந்தால், நான்கு வாரக் கையெழுத்துகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய்க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இச்சேவையில் கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அதன் சென்சார் அளவுகளும் பணிப் பதிவுகளும் வந்து சேர்கின்றன. அறிக்கைகள் வழக்கமான தரவுத்தளத்திலேயே இருக்க, எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிடப்படும் அவற்றின் ஹாஷ் (உள்ளடக்கத்தின் விரல்ரேகை போன்ற குறியீடு) மட்டும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற, அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் பிளாக்செயின் சங்கிலியில் ஏறுகிறது. சோதித்துப் பார்க்க, ஏசி வடிகட்டி மாற்றிய அறிக்கையின் நகலில் தேதியிலிருந்த 3-ஐ 8 ஆக்கிச் சரிபார்ப்புப் பக்கத்தில் ஏற்றினேன். 64 குறிகள் கொண்ட ஹாஷ் அடையாளமே தெரியாமல் மாறி, பதிவோடு பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டியது.

ஆனால் விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. எழுதியது பின்னர் மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் பிளாக்செயின் சாட்சி. எழுதியது உண்மை என்பதற்கு அல்ல. பொய்யை ஏற்றினால் அந்தப் பொய்யையும் அது பத்திரமாகவே காக்கும். சேவையின் உண்மையான பயன் ட்வினிடம் இருப்பதை மூன்றாவது வாரத்தில் கண்டேன். வாராந்தரச் சோதனையில் தீயணைப்பு மின் பம்பு 10 நிமிடம் ஓடியதாகத் தொழில்நுட்பர் பதிந்திருந்தார். மாதிரியிலோ மோட்டாரின் மின்னோட்டக் கோடு பூஜ்யத்தை விட்டு எழவேயில்லை, குழாய் அழுத்தமும் அசையவில்லை. அப்பதிவை 'உறுதிசெய்யப்படாதது' என்று அமைப்பு ஒதுக்கி வைத்திருந்தது. கீழ்த்தளத்துக்குச் சென்று பார்த்தபோது, ஏதோ பழுதுபார்ப்புக்காக அணைத்த சுவிட்ச் மீண்டும் 'ஆட்டோ'வுக்குத் திருப்பப்படாமலே இருந்தது. தீப்பிடித்திருந்தால் பம்பு தானாகக் கிளம்பியிருக்காது. இந்த ஒரு நாளுக்காகவே சந்தாவைக் கட்டலாம் என்று அன்று தோன்றியது.

குறைகளும் சிறியவை அல்ல. சென்சார் மாற்றிய ஊழியர் இரண்டாம் பம்பின் அடையாள எண்ணை முதல் பம்புக்குக் கொடுத்துவிட்டதால், பதினொரு நாள் அளவுகள் தவறான கருவியின் பெயரில் பதிவாகி, அப்பதிவுகளின் ஹாஷ்களும் சங்கிலியில் ஏறின. அவற்றை அழிக்க வழியில்லை. திருத்தத்தை இன்னொரு பதிவாகச் சேர்க்கத்தான் முடியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பதிவேடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் திருத்தம் பழைய பதிவின் அருகில் தெரியாமல் வேறொரு பட்டியலில் ஒளிந்திருப்பது நிச்சயமாகக் குறை. சிக்னல் கிடைக்காத கீழ்த்தளத்தில் செய்த வேலைக்கு, மேலே வந்து கைப்பேசி இணையும் நேரமே முத்திரையாக விழுவதும் அப்படியே. போதாக்குறைக்கு, ஒரே கைப்பேசியை மூன்று பேர் பயன்படுத்தினால் அந்த டிஜிட்டல் கையொப்பம் யாருடையது?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கணுக்கள், அதாவது சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினிகள், இருக்கும் இடம். உரிமையாளர், ஒப்பந்ததாரர், காப்பீட்டாளர் என்று மூன்று தரப்புக்கும் தனித்தனிக் கணு இருப்பதாக ஒப்பந்தம் சொல்கிறது. விசாரித்தபோது, மூன்றும் சேவை நிறுவனத்தின் ஒரே கிளவுட் கணக்கில் ஓடுவது தெரிந்தது. மூன்று சாவிகளும் ஒருவர் இடுப்பிலேயே தொங்கினால், சாதாரணத் தரவுத்தளத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எங்கள் கணுவை எங்கள் சர்வருக்கு மாற்றித் தருமாறு எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது நடக்கும்வரை ட்வினுக்கு நான்கு நட்சத்திரம், சங்கிலிக்கு இரண்டு.