தி வால்: சுவருக்கு அப்பால் ஒரு குரல்

2017இல் டக் லைமன் இயக்கத்தில் வெளிவந்த ‘தி வால்’, 2007ஆம் ஆண்டின் ஈராக்கில், கண்ணுக்குப் புலப்படாத ஸ்னைப்பர் ஒருவனிடம் முழங்காலில் குண்டடிபட்டு, இடிந்த கற்சுவர் ஒன்றின் பின்னே பதுங்கும் அமெரிக்கப் படைவீரனின் கதையாகும். குடிநீரும் இழந்து, வானொலிக் கருவியும் பழுதுபட்ட நிலையில், உதவி கேட்டு அவன் அழைக்கும் அலைவரிசையில் அந்த எதிரியே நயமாகப் பேச்சுக் கொடுக்கும்போதுதான் படம் உண்மையில் சூடுபிடிக்கிறது. ஆரன் டெய்லர்-ஜான்சன் ஏறத்தாழ முழுப் படத்தையும் தனியாகச் சுமக்கிறார். மல்யுத்த வீரராக நாமறிந்த ஜான் சீனாவுக்கோ பெரும்பகுதி மணலில் கிடக்கும் வேலைதான். முகம் காட்டாமல் குரலால் மட்டுமே மிரட்டும் லெய்த் நக்லியே என்னை அதிகம் கவர்ந்தார். நடுவில் உரையாடல் நீண்டு சற்று அலுப்பூட்டுகிறது. முடிவு பலருக்குக் கசக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது.