ரீல்ஸா, பின்னா, விளம்பரமா, மின்னஞ்சலா: சின்ன ஆன்லைன் கடைக்கு எது கைகொடுக்கும்?

கொக்கி ஊசியால் நூலில் பின்னும் குரோஷே பொம்மை விற்பவருக்கும், வாங்கியவரே பிரின்ட் எடுத்துக்கொள்ளும் பிளானர் (நாள், வாரத் திட்டத் தாள்) கோப்பு விற்பவருக்கும் ஒரே யோசனையைச் சொல்பவர்கள் இரண்டில் ஒன்றையாவது விற்றுப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். பிளானருக்கு ஒரே நாளில் 100 ஆர்டர் வந்தால், நாம் தூங்கி எழுவதற்குள் எல்லாம் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பொம்மைக்கு 100 வந்தால் அன்றிலிருந்து தூக்கமே இருக்காது. எந்த வழியில் கூட்டம் சேர்ப்பது என்பதைவிட, வரும் கூட்டத்தை நம் கடை தாங்குமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

முதலில் சந்தைத் தளங்கள். கைவினைப் பொருள்களுக்குப் பேர்போன ஆன்லைன் சந்தையான எட்ஸியின் பெரிய வசதி, அங்கே தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சென்ட், 4 மாதம் வரை இருக்கும். விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அந்த 6.5, 2022 வரை 5 சதவீதமாகத்தான் இருந்தது. அடுத்தவர் கட்டடத்தில் கடை போட்டால் வாடகையை அவர்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு பொருளுக்கும் 13 டேக், அதாவது தேடலில் கண்டுபிடிக்க உதவும் குறிச்சொல், தருகிறார்கள், ஒவ்வொன்றிலும் 20 எழுத்து. பலர் ‘பரிசு’, ‘பொம்மை’ என்று ஒற்றைச் சொல் போட்டு வீணாக்குகிறார்கள். வாங்குபவர் தேடுவது ‘குழந்தைக்கு முயல் பொம்மை’ போன்ற சொற்றொடரை.

எட்ஸி வெளித்தளங்களில் செய்யும் விளம்பரத்தை யாராவது க்ளிக் செய்து 30 நாளுக்குள் நம்மிடம் வாங்கினால், சிறிய கடைக்கு 15 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். 6.5-ஐயும் சேர்த்தால் 21.5. நூலும் பஞ்சும் உழைப்பும் போக மிஞ்சுவதில் இதைக் கொடுக்க முடியுமா? விலை வைக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும். டிஜிட்டல் பொருளுக்கு நிலைமை வேறு. டிஜிட்டல் பொருள் விற்க உதவும் தளமான கும்ரோடு, தன் சந்தைப் பக்கம் வழியாக ஆள் பிடித்துக் கொடுத்தால் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கேட்டால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் பிளானரின் அடுத்த பிரதிக்குச் செலவே இல்லையே. மீதி 70 நமக்கு வந்தாலும் வரவுதான்.

அப்புறம், எல்லாரும் அடித்துக்கொள்ளும் போட்டி: இன்ஸ்டாகிராமா, பின்டரஸ்ட்டா? பார்க்க இரண்டும் படம் போடும் இடம்தான், குணம் வேறு. இன்ஸ்டாகிராமில் கைதான் கதாநாயகன். நூலைக் கோப்பது, கண் தைப்பது, கடைசியில் ஒரு முகம் வருவது என்று செய்முறை ரீல்ஸைக் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள். “இதே பொம்மை நீல நிறத்தில் கிடைக்குமா?” என்று மெசேஜில் கேட்பார்கள், பேச்சு ஆர்டராக மாறும். ஆனால் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பதிவின் விளக்கத்தில் போடும் லிங்க் வேலை செய்யாது, பயோவுக்கு (நம் பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுகப் பகுதி) போகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு படியிலேயே பாதி வழியில் கழன்றுகொள்பவர்கள் உண்டு. பிளானர் பக்கத்தைப் புரட்டிக் காட்டும் ரீல்ஸுக்கு அந்த மயக்கமும் இல்லை.

பின்டரஸ்ட் படங்களால் ஆன தேடுபொறி. அங்கே வருபவருக்கு நம் முகமோ கதையோ வேண்டாம். ‘வாராந்தரச் செலவுக் கணக்குத் தாள்’ கிடைத்தால் போதும். அங்கே போடும் படத்துக்கு ‘பின்’ என்று பெயர், அதிலேயே லிங்க் இருக்கும். இன்று போட்ட ஒரு ‘பின்’ அடுத்த வருடமும் ஆளைக் கூட்டி வரலாம். படம் 2:3 அளவில், அதாவது 1000 × 1500 பிக்ஸலில் இருந்தால் நன்றாகத் தெரியும். பண்டிகைக்கான பொருளை ஓரிரு மாதம் முன்பே ஏற்ற வேண்டும். குறை என்றால், தொடக்கத்தில் பல வாரம் ஈ ஓட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். ஒரு க்ளிக்குக்கு 5 ரூபாய், 100 பேர் வந்தால் 2 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு 250 ரூபாய் ஆகிறது. லாபமே 200 என்றால், விற்க விற்க நஷ்டம். போதாக்குறைக்கு 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஆப்கள் பயனரைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று கொண்டுவந்த பிறகு, எந்த விளம்பரம் எந்த விற்பனையைக் கொடுத்தது என்பதும் மங்கலாகிவிட்டது. விலை கூடிய பொருளோ, பல பிளானர்களைச் சேர்த்த தொகுப்போ இருந்தால் மட்டும் கொஞ்சமாக முயன்று பார்க்கலாம்.

மின்னஞ்சல் பழைய சமாச்சாரம்தான். ஆனால் பட்டியல் நம் கையில் இருக்கும், தளம் கதவைச் சாத்தினாலும் போகாது. இலவசமாக ஒரு பிளானர் பக்கம் கொடுத்தால் ஆட்கள் சேர்வார்கள். பொம்மைக்கு “இந்த முறை 12 மட்டும்” என்று ஒரு வரி எழுதினாலே போதும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: ஆப்பிள் மெயில் 2021 செப்டம்பரிலிருந்து, படிக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது, அதுவும் திறந்ததாகவே கணக்கில் விழும். க்ளிக்கை எண்ணுங்கள். எட்ஸியில் வாங்கியவர்களின் முகவரியைக் கேட்காமல் பட்டியலில் சேர்க்கவும் கூடாது, அது எட்ஸியின் விதிக்கே எதிரானது.

சரி, இரண்டே இரண்டு எடு என்றால்? பிளானருக்குப் பின்டரஸ்ட்டும் மின்னஞ்சலும். பொம்மைக்கு இன்ஸ்டாகிராமும் மின்னஞ்சலும், அதுவும் ரீல்ஸைச் சரக்கு தயாரான பிறகுதான் போடுவேன். பொம்மை செய்பவரிடம் இன்னொன்றும் இருக்கிறது: பின்னும் முறையை எழுதி பிடிஎஃப்பாக விற்கலாம். ரீல்ஸ் எக்கச்சக்கமாக ஓடி பொம்மை தீர்ந்துபோனால், ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற வரிக்குக் கீழே அந்த பிடிஎஃப் லிங்க்கையும், அடுத்த முறைக்கு மின்னஞ்சல் கொடுக்க ஒரு பெட்டியையும் வைத்துவிடுவேன்.