கொடி ரோஜா, இரண்டு வருடம்: வாங்கியது ஒன்று, ஏறியது வேறொன்று

கீழ்வீட்டு அக்கா நேற்று அண்ணாந்து பார்த்தபடி, "தம்பி, இந்தக் கொடி ரோஜாவை நானும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். அப்போதுதான் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டு, இரண்டு கையிலும் முள் கீறலோடு நின்றிருந்தேன். "வேண்டாம் அக்கா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. காரணத்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

என்னுடையது 'பியேர் த ரோன்சார்'. பிரான்சின் மெய்யான் குடும்பத்தார் 1980களில் வெளியிட்ட வகை. கோவையில், கிழக்கு பார்த்த முதல் மாடி பால்கனியில் நிற்கிறது. வெயில், மண் கலவை, தண்ணீர் எல்லாம் எந்த ரோஜாவுக்கும் உள்ளதுதான். என் வயிற்றெரிச்சல் வேறு.

வாங்கி வந்தபோது ஒரு முழம் இருந்தது. மூன்று மாதம் அசையவே இல்லை. பிறகு அடியிலிருந்து ஒரு போத்து கிளம்பியது பாருங்கள், காலையில் பார்த்த உயரம் மாலையில் இல்லை! கொடி ரோஜா என்றால் இப்படித்தான் ஓடும் என்று பூரித்துப்போனேன். கம்பியில் வளைத்துக் கட்டினேன். படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அம்மா மட்டும், "பழைய கிளையின் இலை கரும்பச்சை, இது வெளிறிக் கிடக்கிறதே" என்றார். கொழுந்து அப்படித்தான் இருக்கும் என்று அவர் வாயை அடைத்தேன். நான்கு மாதத்தில் போத்து ஏழடி வளர்ந்தது. வாங்கிய கிளையோ ஒரு சாணாகச் சுருங்கிவிட்டது.

ஓடிய அந்தப் போத்து ரோன்சாரே இல்லை. நான் வாங்கியது ஒட்டுக்கன்று: மேலே ரோன்சார், வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது. ஒட்டுக்குக் கீழிருந்து எது கிளம்பினாலும் அந்தக் காட்டு ரோஜாதான். போட்ட புண்ணாக்கும் எலும்புத்தூளும் அதற்கே போயின. காக்கை குயில் குஞ்சை வளர்த்த கதை. சாதாரண ரோஜாவில் இப்படி நீண்டால் உடனே சந்தேகம் வரும். கொடி ரோஜா வாங்குகிறவன் நீளத்துக்காகத்தானே காத்திருக்கிறான்!

ஒரு காம்பில் ஐந்து இலை இருந்தால் நல்ல கிளை, ஏழு இருந்தால் காட்டுக்கிளை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், நல்ல கொடி ரோஜாவுக்கும் ஏழு வரும். என் செடியின் வேர் மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோஜா. அதன் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் உள்ள சிறு செதில், சீப்புப் பல்லைப் போலக் கிழிந்திருக்கும். அதைவிட நிச்சயமான வழி, விரலால் மண்ணை விலக்கிக் கிளை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது. என்னால் பார்த்திருக்கவும் முடியாது. விற்றவர் ஒட்டையே மண்ணுக்குள் புதைத்துக் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, "கொடி ஓடினால் நல்லதுதானே சார்" என்றார்.

போத்தைக் கத்தரியால் வெட்டினேன். ஒரு மாதத்தில் ஒன்றுக்கு மூன்றாக வந்தன. அடிமொட்டு வேரிலேயே தங்கிவிடுகிறது. மண்ணைத் தோண்டி, போத்தை அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும்.

நியாயமாகப் பேசினால், அதன் பிறகு செடி குறை வைக்கவில்லை. கவாத்துப் பக்கமே போகாமல், புதுக் கிளைகளைக் கிடைமட்டமாகக் கட்டிவிட்டேன். நேராக நிமிர்த்திக் கட்டினால் நுனியில் மட்டும் பூக்கும். படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வந்து பூக்கிறது. ஓரம் வெளுத்து, நடுவில் சிவப்பேறி, இதழ் இதழாகக் கோழிமுட்டை கனம். அந்தக் கனத்தில் பூ தலை கவிழ்ந்துகொள்கிறது. ஆகவே தெருவில் போகிறவர்களுக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் பூவின் முகம், தண்ணீர் ஊற்றுகிற எனக்குப் பின்புறம். வாசனையும் மிகக் குறைவு.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வாங்கித்தான் தீர்வேன் என்றால், குச்சி நட்டு வேர்விட்ட கன்றாகக் கேளுங்கள். வேர் பிடித்துப் பெருக நாளாகும். ஆனால் அடியிலிருந்து எது வந்தாலும் அதே ரோஜாதான். அக்காவுக்காக இன்று காலை இரண்டு குச்சி வெட்டி ஊன்றியிருக்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.