சென்னை - டொராண்டோ பதின்மூன்றரை மணி நேரமாம்: ஏமாந்துவிடாதீர்கள்

வயதான அப்பா அம்மாவைக் கனடாவுக்கு வரவழைக்க டிக்கெட் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக. சீக்கிரம் வந்து சேருகிற டிக்கெட்டாகப் போடச் சொல்லி சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் கேட்டேன். வளைகுடா வழியாக 22 மணி நேரம் என்றார். லண்டன் வழியாக என்றால், "பதின்மூன்றரை மணி நேரம்தான் சார். காலை 5.30க்கு ஏறினால் அன்றைக்கே சாயங்காலம் 7 மணிக்கு டொராண்டோ." 21,000 ரூபாய் அதிகம். அம்மாவுக்காகத்தானே என்று அனுப்பிவிட்டேன்.

5.30 என்பது சென்னை நேரம். 7 மணி என்பது டொராண்டோ நேரம். கோடையில் இரண்டுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். சேர்த்துப் பார்த்தால் 23 மணி நேரம்! மலிவான டிக்கெட்டுக்கு உண்மையான பயண நேரத்தைச் சொன்னவர், விலை கூடியதற்கு மட்டும் கடிகாரத்தைக் கழித்துச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்று நம்ப முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மொத்தப் பயண நேரம் வரும் வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

தூரத்தை யோசித்திருந்தாலே பிடித்திருக்கலாம். நேர்கோட்டிலேயே சுமார் 13,400 கி.மீ., நேரடி விமானமும் கிடையாது. லண்டனுக்கு 8,200 கி.மீ., பதினொரு மணி நேரம். அங்கிருந்து 5,700 கி.மீ., எட்டு மணி நேரம். நடுவில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. எங்கும் நிற்காத சிங்கப்பூர் - நியூயார்க் விமானமே சுமார் 15,300 கி.மீ. பறக்கப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

நான் சொன்ன கணக்கை நம்பி அம்மா ஒரு வேளை மாத்திரையும் பொடி தடவிய நான்கு இட்லியும்தான் கைப்பையில் வைத்திருந்தார். மீதி மாத்திரையெல்லாம் பெரிய பெட்டியில். இரண்டாவது விமானத்தில் போட மாத்திரை இல்லை. வெளியே வரும்போது இரவு 8 மணி. ஜூன் மாதம், வெளிச்சம் போகவில்லை. கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து வாட்சைக் காட்டினார்.

"ஏன்டா, அஞ்சரைக்குத்தானே ஏறினேன்? இப்பவும் அஞ்சரைன்னே காட்டுது. நின்னுபோச்சா?"

நிற்கவில்லை. ஒரு முழு நாள் ஓடியிருந்தது.

ஏஜென்டிடம் கேட்டதற்கு, "டிக்கெட்டில் உள்ள நேரத்தைத்தானே சார் சொன்னேன்" என்றார். பணம் இன்னும் வரவில்லை, நானும் விடுவதாக இல்லை.

ஏறும் நேரம், இறங்கும் நேரம் மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மொத்தப் பயண நேரத்தை எழுத்தில் கேளுங்கள். டொராண்டோ என்றால் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை ஒன்பதரையும், குளிர்காலத்தில் பத்தரையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம், மருந்து எல்லாமே கைப்பையில் இருக்கட்டும்.