மூளை ஆழத் தூண்டல் கருவியுடன் சில ஆண்டுகள்: ஒரு வலிப்பு நோயாளியின் அனுபவம்

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் எடுத்துக்கொண்ட பிறகும் வலிப்பு அடங்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்று நரம்பியல் மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை, எனக்கும் அதுதான். மருந்தைக் குறைத்து, கேமராவின் முன் நாள்கணக்கில் படுக்கவைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. பரிசோதனையில், என் வலிப்பு மூளையின் இரு பக்கவாட்டிலும் உள்ள டெம்போரல் மடல்கள் இரண்டிலிருந்தும் கிளம்புவது தெரிந்தது. இரு பக்கத்தையும் அகற்றினால் புதிய நினைவுகள் பதியும் திறனே போய்விடும் என்பதால், அந்த அறுவை சிகிச்சைக்கு இடமில்லாமல் போயிற்று.

மாற்றாகச் செய்யப்பட்டதே மூளை ஆழத் தூண்டல். மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் என்ற பகுதியின் முன்புற உட்கருவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மின்கம்பிகளைச் செலுத்தி, தோலுக்கடியில் கழுத்து வழியாக இறக்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியுடன் இணைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் தூண்டல், ஐந்து நிமிடம் ஓய்வு என்று அது இரவும் பகலும் ஓடுகிறது.

இதில் பொறுமை மிக அவசியம். இந்தச் சிகிச்சையைச் சோதிக்க 110 பேரிடம் நடந்த சான்டே என்ற ஆய்வின் முதற்கட்டத்தில், தூண்டல் பெற்றவர்களுக்கு வலிப்பு இடைநிலை அளவில் (மீடியன்) 40 விழுக்காடும், பெறாதவர்களுக்கு 14.5 விழுக்காடும் குறைந்தன. ஐந்தாம் ஆண்டில் அது 69 விழுக்காடு. பிந்தைய எண் ஆய்வில் தொடர்ந்தவர்களுடையது என்பதால், அதை அப்படியே நம் கணக்கில் சேர்த்துக்கொள்வது சரியல்ல. அமெரிக்காவில் வலிப்புக்கான இந்தச் சிகிச்சைக்கு 2018 இல்தான் அனுமதி கிடைத்தது.

என் அனுபவத்தில் எண்ணிக்கை மெதுவாகவே குறைந்தது. ஆனால் கீழே விழுந்து அடிபடச் செய்யும் பெரிய வலிப்புகள் மொத்த எண்ணிக்கை குறைவதற்கு முன்பே அரிதாகிவிட்டன, எனக்கு அதுவே பெரிது. தொடக்கத்தில் இரவுத் தூக்கம் கலைந்துகொண்டே இருந்தது; மருத்துவர் தூண்டலின் மின்னழுத்தத்தைக் குறைத்த பிறகு சீரானது. மனச்சோர்வும் மறதியும் அந்த ஆய்விலேயே பதிவான பக்க விளைவுகள் என்பதால், இவற்றை வீட்டிலிருப்பவர்களும் கவனித்துச் சொல்ல வேண்டும்.

கருவி மூளைச் சமிக்ஞையைப் பதிவு செய்வதைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆனால் வலிப்பு வந்ததைக் குறிக்க, வெளியிலுள்ள சாதனத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். நினைவு தப்பிய நிலையில் நான் எப்படி அழுத்துவது? என் மனைவிதான் அழுத்துகிறார். அவர் உறங்கும்போது வருபவை விடுபடுகின்றன. ஆகவே, வீட்டுக் குறிப்பேட்டை இன்னும் கைவிடவில்லை. வலிப்பின் தொடக்கத்தை உணர்ந்து தானே தூண்டும் கருவி வேறொன்று. அது 2013 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிசியோதெரபியில் வெப்பம் தரும் டயதெர்மி சிகிச்சை இக்கருவி உள்ளவர்களுக்கு முற்றிலும் கூடாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமானால் கருவியின் விவரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்துகளில் ஒன்றின் அளவை மட்டும் குறைத்திருக்கிறார்கள், மற்றவை தொடர்கின்றன. வண்டி ஓட்டுவதற்கு எனக்கு இன்னும் அனுமதியில்லை.