புல்லின் ஈரமானி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபாலுக்கு அருகே, 11 கறவை மாடுகளை வைத்திருக்கிறோம். கினிப் புல்லை அறுத்துக் காயவைத்து, மரப்பெட்டியில் மிதித்துக் கட்டுகளாக்கி, மழை மாதங்களுக்கென்று கொட்டகையில் அடுக்கிவைப்பது எங்கள் வழக்கம். அதற்காகச் சென்ற ஆண்டு இணையக் கடை ஒன்றில் 210 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஈரமானியைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒரு முனையில் சிறு திரையும் மறுமுனையில் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுள்ள எஃகு ஊசியும் கொண்ட அக்கருவி, ஈரத்தை விழுக்காட்டிலும் வெப்பத்தைச் செல்சியஸிலும் காட்டுகிறது.

இதை வாங்கத் தூண்டியது ஒரு நட்டம்தான். முந்தைய ஆண்டு, இலை சலசலவென்று காய்ந்திருந்ததை நம்பி, தண்டின் கணுவுக்குள் ஈரம் தங்கியிருந்ததைக் கவனிக்காமல் கட்டிவிட்டோம். பத்தாவது நாள் நடுக்கட்டை இழுத்தபோது ஆவியும் கருகிய வெல்லத்தின் வாடையும் சேர்ந்து வந்தன. உள்ளே வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. அறுக்கும்போது பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அது 18 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகே கட்டுவது நல்லது. 20-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், 25-ஐத் தாண்டினால் கட்டு தானாகவே சூடேறத் தொடங்கும்.

சனவரி, பிப்ரவரியை விட்டால் பினாங்கில் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் கிடைப்பது அரிது. காலைப் பனி விலகவே பத்து மணி ஆகிவிடும். மூன்று மணிக்கெல்லாம் மேகம் திரளும். அந்த நேரத்தில் புல்லை வாரிக் கட்டுவதா, கேன்வாஸால் மூடிவைத்து மறுநாளும் உலர்த்துவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அறுத்த அன்றே நனைந்த புல்லைவிட, காயும் தறுவாயில் நனைந்த புல்லுக்குத்தான் சேதம் அதிகம்; அதிலுள்ள சர்க்கரைச் சத்தை மழை கரைத்துக்கொண்டு போய்விடும். தட்டான் தாழப் பறப்பதை வைத்து என் சித்தப்பா மழையைச் சொல்லிவிடுவார், ஆனால் புல் கட்டும் பதத்துக்கு வந்துவிட்டதா என்பதற்குத் தட்டானிடம் விடை இல்லை.

ஈரமானியிடம் விடை உண்டு என்றாலும், அதைக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. ஊசிமுனையில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டே அது கணக்கிடுவதால், தளர்வாகக் கிடக்கும் புல்லில் குத்தினால் உண்மையைவிடக் குறைத்தும், மேலே பனி ஒட்டியிருந்தால் கூட்டியும் காட்டுகிறது. நான் 100 கிராம் புல்லை நறுக்கி, மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு குவளைத் தண்ணீருடன் வைத்து, எடை மேலும் குறையாத நிலை வரும் வரை சிறிது சிறிதாக உலர்த்திப் பார்த்தேன். 78 கிராம் எஞ்சியது, அதாவது ஈரம் 22 விழுக்காடு. அதே புல்லைத் தரையில் கிடந்தபடியே குத்தியபோது கருவி காட்டியது 16. வாளியில் காலால் மிதித்து இறுக்கிய பிறகு குத்தியதில் 21 வந்தது. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். இப்போதெல்லாம் ஐந்து இடங்களில் புல் எடுத்து வாளியில் மிதித்து அளந்து, அவற்றுள் மிகக் கூடுதலான எண்ணையே கணக்கில் கொள்கிறேன்.

ஈரத்துக்காக வாங்கியிருந்தாலும், எனக்கு அதிகம் பயன்பட்டது வெப்பம் காட்டும் வசதிதான். அடுக்கிய முதல் மூன்று வாரங்கள் மாலைதோறும் நடுக்கட்டில் குத்திப் பார்க்கிறேன். 55 பாகையைத் தொட்டால் விழிப்பாக இருக்க வேண்டும்; 80-ஐ நெருங்கினால் தீப்பற்றும் அபாயம் உண்டு, அப்போது கட்டுகளைப் பிரித்தால் காற்றுப் புகுந்து சுடர்விடக்கூடும் என்பதால் முதலில் தீயணைப்புத் துறையையே அழைக்க வேண்டும். எங்கள் கொட்டகையில் இதுவரை 41-ஐத் தாண்டவில்லை.

இரண்டு ஆடு வளர்ப்பவருக்கு இது வேண்டாத செலவு. ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் நறுக்கிய புல்லோடு ஒரு கரண்டி உலர்ந்த உப்பைப் போட்டு நன்றாகக் குலுக்கினால் போதும். உப்பு கட்டிதட்டினால் புல் இன்னும் காயவேண்டும் என்று பொருள். ஐம்பது கட்டுக்கு மேல் அடுக்குவோர் தயங்காமல் வாங்கலாம், ஆனால் மழைத்துளி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் மின்கல மூடி நான்காம் மாதமே உடைந்துவிட்டது. விற்றவருக்கு இருமுறை எழுதியும் பதில் வராததால், கறுப்பு டேப் சுற்றித்தான் பயன்படுத்தி வருகிறேன்.